ஈரவிறகைத் தேடுதல்: நார்ச்சத்தும் தமனியும் பற்றிய ஓர் அளவைக் கேள்வி

நார்ச்சத்து தமனியைக் காக்கும் என்னும் கூற்று பார்வைக்கு ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இருக்கின்றன. நார்ச்சத்து இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்பது ஒன்று. அதனால் தமனி அடைப்பும் மாரடைப்பும் குறைகின்றன என்பது மற்றொன்று. முதலாவதை ஆறு வாரத்தில் சோதித்துவிடலாம். இரண்டாவதைச் சோதிக்க ஓர் ஆயுள் காலம் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, முதலாவதற்குக் கிடைத்த உறுதி இரண்டாவதின்மேலும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்றை எவ்வழியால் அறிந்தோம், எந்த அளவுக்கு அறிந்தோம் என்று கேட்பது தத்துவத்தின் பழைய வேலை. இந்திய மரபில் அதற்குப் பிரமாண சாஸ்திரம் என்று பெயர், தமிழில் அளவை. மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், அளவைவாதி முதலில் வந்து பத்து அளவைகளை அடுக்குகிறான். காண்டல், கருதல், ஆகமம், அபாவம் ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும். நார்ச்சத்தைப் பற்றி இன்று மருத்துவம் சொல்வதை எடை போட இந்த நான்கே பெரும்பாலும் போதும்.

காண்டலில் தொடங்கலாம். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் பார்த்தால், விதை பருத்திருக்கும். விரலில் எடுத்து நசுக்கினால் வழுவழுவென்று கூழாக ஒட்டும். அந்தக் கூழ்தான் இங்கே பேசப்படும் பொருள். சிறுகுடலின் நொதிகளால் செரிக்க முடியாத தாவர மாவுப்பொருள்களுக்கு நார்ச்சத்து என்று பெயர். அவற்றில் தண்ணீரில் கரைந்து கூழாகக் கூடியவை சில: ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான், கொய்யாவிலும் ஆப்பிளிலும் உள்ள பெக்டின், இசப்கோல் உமி, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின். கோதுமைத் தவிட்டின் நார் பெரும்பாலும் கரையாது. மலத்துக்குப் பருமன் தருவதே அதன் முதன்மையான வேலை. இந்த வேறுபாடு பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரப் போகிறது.

கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைச் செய்கிறது. அவை குடலுக்குள் இறங்கி, கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 விழுக்காடு மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகின்றன. நாளுக்குப் பல முறை சுற்றும் சிக்கனமான சுழற்சி இது. குடலில் கூழ் நிறைந்திருந்தால் பித்த அமிலங்களில் ஒரு பகுதி அதில் சிக்கி, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். எனவே இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூட்டி, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து கொலஸ்ட்ராலின் ஒழுங்குமுறையை விளக்கியதற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

விளைவின் அளவும் தெரிந்ததே. 1999இல் 67 கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, கரையும் நார்ச்சத்து ஒரு கிராம் கூடினால் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2.2 மில்லிகிராம் குறைவதாகக் கணக்கிட்டது. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் கிடைக்கச் சுமார் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். அதை விடாமல் உண்பவரின் எல்.டி.எல். 160 என்றால், அது 153 வாக்கில் வந்து நிற்கும். ஸ்டாட்டின் மாத்திரை இதையே 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்துவிடும். ஆக, விளைவு உண்மை, ஆனால் சிறியது. இரண்டில் எதை விட்டுவிட்டுச் சொன்னாலும் அது பாதிப் பொய்தான்.

காரணத்தை இன்னும் நெருங்கிப் பிடிக்க முடியும். இன்யூலின் என்னும் நார் தண்ணீரில் கரையும், ஆனால் பிசுபிசுக்காது. அது எல்.டி.எல்.லைக் குறிப்பிடும்படி குறைப்பதில்லை. 2010இல் வெளியான ஒரு சோதனையில், பீட்டா குளுக்கானின் நீண்ட மூலக்கூறுகளைச் சிறிதாக நறுக்கிக் கொடுத்தபோது அதன் பயன் பாதியளவு போய்விட்டது. பொருள் அதுவே, எடையும் அதுவே. குறைந்தது பிசுபிசுப்பு மட்டும். எனவே காரணம் 'நார்' என்ற பெயரிலும் இல்லை, 'கரைதல்' என்ற பண்பிலும் இல்லை; வெந்தயத்தை நசுக்கிய விரலில் ஒட்டிய அந்த வழுவழுப்பில் இருக்கிறது.

உண்மையான காரணத்தை உடன்வரும் பொருள்களிலிருந்து பிரித்தெடுக்கும் இந்த வேலைக்கு நியாய மரபில் கூர்மையான ஒரு கருவி உண்டு. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரியான கருதல். அதைத் திருப்பி, நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்றால் தவறு. உலையிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அடுப்பில் நெருப்போடு புகையும் சேர்ந்து வருவதற்கு ஈரவிறகு காரணம். கண்ணுக்குப் படாமல் நடுவே நிற்கும் அந்த ஈரவிறகுக்கு உபாதி என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் உதயணரும் பதினான்காம் நூற்றாண்டில் கங்கேசரும் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இன்றைய நோய்ப்பரவல் ஆய்வாளர் குழப்பும் காரணி என்று சொல்வதற்கு மிக அருகில் வரும் கருத்து இது. நார்ச்சத்து மிகுதியாக உண்பவருக்கு மாரடைப்பு குறைவு என்று கேட்ட உடனே எழ வேண்டிய கேள்வி, இங்கே ஈரவிறகு எது என்பதே.

அந்தக் கேள்வி எழாமல் போன காலம் உண்டு. உகாண்டாவின் கம்பாலாவில் பல்லாண்டு மருத்துவராக இருந்த ஹியூ ட்ரோவெல், ஆப்பிரிக்க நோயாளிகளிடம் இதயத் தமனி நோயைக் காண்பது எவ்வளவு அரிது என்று கவனித்தார். அப்படி ஒரேயொரு நோயாளி கிடைத்ததே 1956இல் தனிக் கட்டுரையாக வெளியாகும் செய்தியாயிற்று. அதே நாட்டில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்க்கிட்டும் அவரும் 1970களில், மேலைநாட்டு நோய்கள் பலவற்றுக்கும் தீட்டிய மாவும் நார்க் குறைவுமே வேர் என்று வாதிட்டனர். இருவரும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். ட்ரோவெல் ஆப்பிரிக்காவை விட்டு வந்தபின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாகவே ஆனார். ஏழை மக்களின் எளிய உணவில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது என்று காணும் கண் அவர்களுக்கு வாய்த்தது. அதைக் குறைத்து மதிக்கக் கூடாது.

ஆனால் கம்பாலாவின் அந்த மக்கள் வாழைக்காயும் கிழங்கும் உண்டதோடு நிற்கவில்லை. வெயிலில் உழைத்தார்கள், நெடுந்தூரம் நடந்தார்கள், மெலிந்திருந்தார்கள், கொழுப்பைக் குறைவாக உண்டார்கள். 1959இல் ஆய்வாளர்களான ஷேப்பரும் ஜோன்ஸும் அதே நாட்டில் வாழ்ந்த ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஆசியர் என்பது அங்கே பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர். ஆப்பிரிக்கரிடம் இதயத் தமனி நோய் ஏறக்குறைய இல்லை. ஆசிய ஆண்களிடம் அது பெரிய தொல்லையாக இருந்தது. கொலஸ்ட்ராலும் அவர்களுக்கே கூடுதல். இரு சமூகத்தாரும் வாழ்ந்தது ஒரே நாடு. உண்ட உணவும் செய்த வேலையும் வேறு. இந்த ஒப்பீட்டில் நார் ஒரு விறகு. ஈரம் வேறு எத்தனை விறகில் இருந்தது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

இதைவிட நுட்பமான ஒரு தடை அபாவத்திலிருந்து வருகிறது. இல்லாமையும் அறியப்படக்கூடிய ஒன்றே என்று வைசேடிகத் தத்துவ மரபினர் அதைப் பதார்த்தங்களில், அதாவது இருப்பவற்றின் அடிப்படை வகைகளில், சேர்த்தார்கள். உணவு விஷயத்தில் இது தட்டிலேயே தெரியும். வயிறு ஒன்று, அதில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி ஏறினால், வேறு ஏதோ ஒன்று இறங்கியாக வேண்டும். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஓட்ஸ் தவிட்டுப் பித்து உச்சத்தில் இருந்தபோது, பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 20 பேரை எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் ஓட்ஸ் தவிடும் ஆறு வாரம் நார் குறைந்த தீட்டிய கோதுமையும் கொடுத்தனர். இரண்டிலும் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 7.5 விழுக்காடு குறைந்தது. கஞ்சியோ ரொட்டியோ தட்டை நிரப்பியபோது அங்கிருந்து கொழுப்புணவு விலகியதே காரணம் என்று 1990இல் அவர்கள் எழுதியதும், ஓட்ஸ் சந்தை சரிந்தது.

அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது; எட்டிய முடிவு பாதிதான் சரி. பங்கேற்ற 20 பேருக்கும் கொலஸ்ட்ரால் தொடக்கத்திலேயே குறைவு. எண்ணிக்கையும் மிகச் சிறிது. கொழுப்பின் அளவைச் சமமாக வைத்துப் பின்னர் செய்த சோதனைகளில் பீட்டா குளுக்கானின் தனி விளைவு தெளிவாகவே தெரிந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸுக்கும், மறு ஆண்டில் இசப்கோலுக்கும் இதய நலன் பற்றிய அறிவிப்பை அனுமதித்தது. ஆயினும் பாஸ்டன் பாடம் அழியவில்லை. வெள்ளைச் சோற்றைக் குறைத்துக் கொண்டைக்கடலை உண்பவருக்குக் கிடைக்கும் நன்மை கடலையின் நன்மையா, குறைந்த சோற்றின் நன்மையா? இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான விடை. இல்லாமைக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது கூற்றுக்குப் போக, நடுவே ஒரு பாலம் வேண்டும்: கொலஸ்ட்ரால் குறைந்தால் தமனி பிழைக்கும் என்பது. இது இன்று மிக உறுதியான பாலம். எல்.டி.எல். துகள்கள் தமனிச் சுவரின் உட்படலத்துக்குள் புகுந்து தங்கி, அழற்சியை மூட்டி, படிமமாகத் தடிக்கின்றன. பிறவியிலேயே எல்.டி.எல். ஏற்பி இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுதாகப் பெற்ற குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. எதிர்ப்பக்கத்துச் சான்று 2006இல் வந்தது. பிசிஎஸ்கே9 என்னும் மரபணுவில் ஒரு சிறு மாற்றத்தோடு பிறந்த வெள்ளை இனத்தவருக்கு எல்.டி.எல். 15 விழுக்காடு மட்டுமே குறைவு. இதயத் தமனி நோயோ 47 விழுக்காடு குறைவு. மரபணு பிறப்பிலேயே சீட்டுக் குலுக்கியதுபோல் விழுவதால், நடந்தாரா, புகைத்தாரா என்ற ஈரவிறகுகள் இங்கே பெரும்பாலும் விலகிவிடுகின்றன. சிறு குறைவும் பிறந்தது முதல் நீடித்தால் பெரிய பலன் தரும் என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது. நார்ச்சத்து எல்.டி.எல்.லில் தரும் நான்கைந்து விழுக்காட்டுக் குறைவை அற்பம் என்று ஒதுக்குபவர்கள் இந்த எண்களை ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஆனால் பாலம் உறுதியானது என்பதால் அதன்மேல் ஏறும் எல்லாமே அக்கரை சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. குளோஃபைப்ரேட் என்னும் மருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தது. 1970களில் உலக சுகாதார அமைப்பின் பெரிய சோதனையில் அதை உண்டவர்களிடையே மொத்த இறப்பு கூடிற்று. வழி முக்கியம். நார்ச்சத்தின் வழிக்கு நெருங்கிய உறவுள்ள சான்று ஒன்று நல்லவேளையாக இருக்கிறது. கொலெஸ்டிரமின் என்னும் பிசின் மருந்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். இசப்கோல் மெல்லச் செய்வதையே அது வலிந்து செய்கிறது. 1984இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 3,806 ஆண்கள் சராசரி 7.4 ஆண்டுகள் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களுக்கு இதய நோய் இறப்பும் மாரடைப்பும் சேர்ந்து 19 விழுக்காடு குறைந்தன. ஒத்த வழியில் செல்லும் வேறொன்று கரை சேர்ந்தது என்பதால் நாரும் சேரும் என்று கருதுவது அளவைவாதியின் பட்டியலில் உவமத்துக்கு அருகில் வரும். வலுவான உவமம்தான், ஆனாலும் உவமமே.

நாரையே நேராகக் கொடுத்து மாரடைப்பை எண்ணிய சோதனை 1989இல் வெளியாயிற்று. வேல்ஸில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களை எடுத்து, கொழுப்பைக் குறைக்கவும், மீன் உண்ணவும், தானிய நாரைக் கூட்டவும் தனித்தனியே அறிவுரை தந்தனர். இரண்டு ஆண்டில் மீன் உண்டவர்களிடையே இறப்பு 29 விழுக்காடு குறைந்தது. நார் உண்டவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. இந்த முடிவைக் கேட்டதும் சமாதானங்கள் வரிசையாக வரும்: இரண்டு ஆண்டு போதாது, ஏற்கெனவே கெட்ட தமனி, கோதுமை நார் பிசுபிசுப்பற்றது. ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் தோற்ற பிறகு கண்டுபிடிக்கும் காரணத்துக்கு, ஆடுமுன் சொன்ன காரணத்தின் மதிப்புக் கிடையாது. இதே முடிவு சாதகமாக வந்திருந்தால் இரண்டு ஆண்டு போதாது என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சோதனைக்கு வெளியே, மக்களை வெறுமனே தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஆய்வாளர் ஜெரி மோரிஸும் அவருடைய கூட்டாளிகளும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் 337 நடுவயது ஆண்கள் தம் உணவை ஒரு வாரம் எடை போட்டு எழுதினார்கள். தானிய நார் மிகுதியாக உண்டவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் குறைவாக வந்தது. பழம், காய், பருப்பின் நாருக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. 2004இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளுக்கு 10 கிராம் நார் கூடினால் இதய நோய் இறப்பு 27 விழுக்காடு குறைவு என்று வந்தது. அங்கே தானிய நாரும் பழ நாரும் தொடர்பு காட்டின, காய்கறி நார் காட்டவில்லை. 2019இல் உலக அளவில் 185 தொடர் ஆய்வுகளை அலசியவர்கள், நார் மிகுதியாக உண்பவர்களிடம் இறப்பும் இதய நோயும் 15 முதல் 30 விழுக்காடு குறைவு என்றும், நாளுக்கு 25 முதல் 29 கிராம் போதிய அளவு என்றும் எழுதினர்.

இங்கேதான் முன்பு சொன்ன சிக்கல் தலைகாட்டுகிறது. சோதனைக்கூடத்தில் கொலஸ்ட்ராலைக் குறைப்பது கூழாகும் நார். கோதுமைத் தவிட்டின் நார் அதைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். மக்களிடையே இதயத்தோடு உறுதியாகச் சேர்ந்து வருவதோ தானிய நார், அதில் பெரும்பகுதி அதே தவிட்டு நார். கொலஸ்ட்ரால்தான் வழி என்றால் இப்படி நடக்கக் கூடாது. இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. நாருக்கு வேறு வழிகளும் இருக்கலாம்: பெருங்குடல் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன, இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உடல் எடையும் நாரால் சற்றே இறங்குகின்றன. அல்லது தவிட்டு ரொட்டி உண்பவர் புகைக்காதவராக, நடப்பவராக, படித்தவராக இருப்பது அந்த ஈரவிறகாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்தே பார்க்கிறார்கள். ஆனால் அளந்ததைத்தான் கழிக்க முடியும். இரண்டு விளக்கமும் ஓரளவு உண்மை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எஞ்சியது ஆகமம், அதாவது பெரியோர் சொல். அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் போதகராக இருந்த சில்வெஸ்டர் கிரஹாம், 1830களில் வெள்ளை மாவுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். தவிடும் மாவும் கடவுள் சேர்த்தவை, மனிதன் பிரித்தது பாவம் என்பது அவர் கட்சி. அந்தத் தவிடு உணர்ச்சி வேகத்தை அடக்கும் என்றும் நம்பினார். கொலஸ்ட்ராலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொன்ன முழுக்கோதுமை ரொட்டி நல்லதே என்று இன்று தெரிகிறது. அப்படியானால் அவர் அதை அறிந்தவரா?

எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமோத்தரர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். இன்னும் புகை எழவில்லை. பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு உண்டு என்கிறான். நெருப்பு இருக்கிறது; அவன் சொன்னது உண்மை; ஆனால் அது அறிவு ஆகாது. கிரஹாமின் நிலை இதுவே. நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் அறிவியல்தான் என்று மேடையில் முழங்குபவர்களும் இதே பூச்சிக் கூட்டத்தைக் காட்டியே பேசுகிறார்கள். வெந்தயம் நல்லது என்பதற்கு அதன் வழுவழுப்பு சான்றாகும், பழமை சான்றாகாது.

உறுதி முழுதாக வரும்வரை தட்டில் எதையும் மாற்றக் கூடாதா என்றால், அதற்கும் பழைய விடை இருக்கிறது. விதைக்கும் உழவர் மழையை உறுதியாக அறிந்து விதைப்பதில்லை. ஐயம் இருக்கும்போதே செயல் தகும் என்பதற்கு இந்தியத் தருக்க நூலோர் காட்டும் உவமை அது. இழப்பு சிறிது, பலன் பெரிது என்றால் கருதலே போதும். ஒருவேளைச் சோற்றின் ஒரு பகுதியைப் பயறாகவோ பார்லியாகவோ மாற்ற ஆகும் செலவு அற்பம். அதற்கு இப்போதுள்ள சான்று தாராளமாகப் போதும். மாரடைப்பு வந்தவர் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு ஓட்ஸுக்கு மாறுவது வேறு கணக்கு. அங்கே பணயம் உயிர். 160ஐ 153 ஆக்கும் பொருளை நம்பி அதை வைக்கக் கூடாது.

பயன் தரும் பிசுபிசுப்பே இடரும் தரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இசப்கோலைப் போதிய நீரில்லாமல் விழுங்கினால் அது தொண்டையிலேயே பருத்து அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முழுக் குவளைத் தண்ணீர் வேண்டும். குடலில் பித்த அமிலத்தைப் பிடிப்பதுபோல் அது சில மாத்திரைகள் உடலில் சேர்வதையும் தடுக்கும். அன்றாடம் மாத்திரை உண்பவர்கள் இரண்டுக்கும் இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.